கடல் கடந்த கல்வியும் கைப்பேசியும்



சமூக வலைத்தளங்களை உலகளாவிய கல்விப் பணிக்கு எவ்வாறு பயன்கொள்வது என்பது பற்றி உங்களோடு பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைப் பணித்திருக்கின்றனர். கைப்பேசியைப் பற்றிப் பேசத் தொடங்கும் ஆசிரியர் முதற்கண் அதனைக் கடிந்துரைப்பது வழக்கமாகிவிட்டது. நான் அது செய்யப் போவதில்லை. அந்தக் கடிந்துரை உங்களுக்கு வீட்டிலேயே வேண்டிய அளவு கிடைத்திருக்கும். புகழவும் போவதில்லை; புகழ்வதற்கு அதனை விற்பவர்கள் இருக்கின்றனர். கருவி ஒன்றின் இயல்பை அறிய வேண்டுமானால், அதனைக் கொண்டு நல்ல பணி செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பதே நேரான வழி. கொத்தனாரின் கரண்டியை நாள் முழுதும் விளக்குவதைவிட, அவர் எழுப்பிய சுவரைக் காட்டுவது எளிதல்லவா?

அத்தகைய சுவர் ஒன்று நம் மதுரையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால், அதனை எழுப்பியவர்கள் மதுரையில் வாழ்ந்தவர்கள் அல்லர். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று, தமிழ் இலக்கிய நூல்களை மின்னுருவில் தொகுத்து, உலகில் எவரும் விலையின்றிப் பெறுமாறு செய்யும் முயற்சி ஒன்று தொடங்கப்பெற்றது. அதற்கு மதுரைத் திட்டம் என்று பெயர் சூட்டினர். முன்னின்று நடத்தியவர் முனைவர் கல்யாணசுந்தரம். சுவிட்சர்லாந்து நாட்டின் லோசான் நகரிலே வேதியியல் ஆராய்ச்சி செய்தவர். அவருக்குத் துணைநின்ற முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் அமெரிக்காவில் வாழ்ந்தவர். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் என்ற மரபுரிமையால் நம் ஊரின் பெயர் அவர்களுக்கு நினைவுக்கு வந்தது. நமக்குப் பெருமைதான். எனினும், நம் பெயரில் நடந்த இப்பணியில் நம் பங்கு எவ்வளவு என்ற கேள்வியும் அப்பெருமையோடு சேர்ந்தே வருகிறது.

அந்நாளில் இருந்த இடர்ப்பாட்டை இன்று நீங்கள் உணர்வது கடினம். இன்று கைப்பேசியைத் தொட்டால் தமிழ் தோன்றுகிறது. அன்று ஒருவர் தம் கணிப்பொறியில் அடித்த தமிழ், மற்றொருவர் கணிப்பொறியில் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றும். ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறிமுறை வைத்திருந்ததே காரணம். ஒரே மொழியைப் பேசுவோர், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாத நிலை! கல்யாணசுந்தரமே 'மயிலை' என்னும் எழுத்துருவை ஆக்கியவர். பின்னர்ப் பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழியே நீண்ட நாள் வாதிட்டு, 'திஸ்கி' என்னும் பொதுக் குறிமுறை ஒன்றை வகுத்தனர். அதன் பின்னர் ஒருங்குறி வந்து நிலைபெற்றது. முன்னர் அடித்து வைத்த நூல்கள் எல்லாம் ஒரு குறிமுறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்பெற்றன. ஓலையிலிருந்து ஓலைக்குப் படியெடுத்த நம் முன்னோரின் வேலைதான் இது. எழுத்தாணி மட்டும் மாறிற்று.

வேலை நடந்த முறையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நமக்கு வேண்டிய பாடம் அதிலேதான் இருக்கிறது. ஒருவர் தம்மிடம் உள்ள அச்சு நூலைக் கையால் தட்டச்சு செய்வார். அவர் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. பொறியாளராகவோ இல்லத்தரசியாகவோ இருக்கலாம். அவர் அடித்ததை மற்றொரு நாட்டிலுள்ள இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவார். பின்னர் அது தளத்தில் இடப்பெறும். ஒவ்வொரு நூலின் முகப்பிலும், இதனை அடித்தவர் இன்னார், மெய்ப்புப் பார்த்தவர் இன்னார் என்று பெயர் குறிக்கப்பெறும். அம்முகப்பை நீக்காமல் எவரும் எங்கும் பரப்பிக்கொள்ளலாம் என்ற ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வரிசையில் முதலாவதாக இடம்பெற்றது திருக்குறள்.

இங்கே மூன்று செய்திகளைக் கவனியுங்கள். பணி சிறு துண்டுகளாகப் பகுக்கப்பட்டது. ஒருவர் செய்ததை மற்றொருவர் சரிபார்த்தார். செய்தவர் பெயர் மறைக்கப்படவில்லை. சமூக வலைத்தளத்தில் நாள்தோறும் நம் கண்முன் ஓடும் செய்திகளை இம்மூன்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவற்றை எழுதியவர் யார் என்பது தெரியாது. சரிபார்த்தவர் எவரும் இலர். 'வந்ததை அனுப்பினேன்' என்பதே பலருடைய பொறுப்பின் எல்லை. கருவி பெரிதும் ஒன்றுதான்.

இதனைப் புதுமை என்றும் சொல்ல மாட்டேன். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சில் கொணர்ந்ததும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் ஒரே ஆண்டில், 1887இல் நிகழ்ந்தன. ஏடு யாரிடம் உள்ளது என்று ஊர் ஊராகக் கடிதம் எழுதி உசாவியும், நேரிற்சென்று கேட்டும், பலருடைய பிரதிகளை ஒப்புநோக்கியும், உதவியவர் பெயரை முன்னுரையிலே நன்றியுடன் குறித்தும் செய்த பணி அது. அவர்களுடைய சமூக வலை அஞ்சலட்டையிலும் மாட்டுவண்டியிலும் ஓடிற்று. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையிலே தமிழ்ச் சங்கம் கண்டபோதும், அச்சங்கம் செந்தமிழ் என்னும் திங்களிதழைத் தொடங்கியபோதும், ஊர் ஊராகப் பிரிந்து கிடந்த புலவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதற்கு ஒரு திண்ணை கிடைத்தது. இன்று அத்திண்ணை சற்று நீண்டிருக்கிறது, அவ்வளவே.

நீண்டிருப்பதன் பயனை உணர்த்த ஒரு துயரச் செய்தி சொல்ல வேண்டும். 1981ஆம் ஆண்டு சனவரியில் நம் மதுரையிலே ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதே ஆண்டு மே மாத இறுதியிலும் சூன் மாதத் தொடக்கத்திலுமாக யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதவையும் இருந்தன. ஒரே கட்டடத்தில் இருந்தவை ஓர் இரவிலே போயின. 2005இல் இலங்கைத் தமிழ் இளைஞர்கள் 'நூலகம்' என்னும் பெயரிலேயே மின்னூலகம் ஒன்றைத் தொடங்கி, எஞ்சிய நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் தேடித்தேடிப் படியெடுத்து வலையில் ஏற்றினர். கோயில் விழா மலர், பள்ளி ஆண்டு மலர், ஊர்ச் சங்க அறிக்கை என்று பிறர் குப்பையென ஒதுக்குவனவும் அங்கே காக்கப்பெறுகின்றன. புலம்பெயர்ந்த நாட்டிலே பிறந்த ஒரு மாணவி, தன் பாட்டனார் படித்த பள்ளியின் மலரை இன்று வீட்டிலிருந்தே புரட்டிப் பார்க்கலாம்.

விக்கிப்பீடியாவின் தமிழ்ப் பகுதியும் இத்தகையதே. 2003இல் அதனை வளர்க்கத் தொடங்கியவர் இ. மயூரநாதன், ஈழத்திலே பிறந்து, ஐக்கிய அரபு நாட்டிலே பணிபுரிந்த கட்டடக் கலைஞர். தொடக்கத்தில் ஏறக்குறையத் தனியொருவராகவே அங்கே எழுதிக்கொண்டிருந்தார். இன்று அதில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அவற்றுள் சில மெலிந்தவை. சில பிழை மலிந்தவை. அது குறையன்று என்று நான் வாதிடவில்லை. திருத்தும் உரிமை உங்களுக்கும் உண்டு என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

நிற்க. உலகக் கல்விப் பணி என்றவுடன் பெரிய பல்கலைக்கழகங்களும் உடன்படிக்கைகளும் உங்கள் நினைவுக்கு வரலாம். அவை வேண்டியவைதாம். 1881இல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியும், 1948இல் தோன்றிய லேடி டோக் கல்லூரியும் கடல் கடந்த தொடர்புகளை நெடுங்காலம் பேணி வந்தவை. ஆனால், ஒரு வகுப்பு மாணவர்கள், ஒரு கைப்பேசி, ஒரு நேர்மையான கேள்வி ஆகிய மூன்றும் இருந்தாலே உலகக் கல்விப் பணி ஒன்று நடந்துவிடும். நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

கனடா நாட்டிலே வார விடுமுறையில் தமிழ் கற்பிக்கும் ஓர் அம்மையார், எங்கள் கல்லூரி மாணவர்களின் வாட்ஸப் குழுவிற்கு ஒரு வினா விடுத்தார். கீழடியின் பானைகள் பத்தாயிரம் ஆண்டுப் பழமை உடையவை என்று ஒரு செய்தி தமக்கு வந்ததாகவும், அதனைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாமா என்றும் கேட்டிருந்தார். கீழடி மதுரைக்குத் தென்கிழக்கே, சிவகங்கை மாவட்டத்தில், பேருந்தில் சிறிது நேரத்தில் சென்றடையக்கூடிய ஊர். என் மாணவர்கள் சிலர் அவ்வழியாகவே நாள்தோறும் வருகின்றனர். ஆகவே, விடை எழுதுவது எளிதென்று எண்ணினர். கண்ணைக் கவரும் படம் ஒன்றையும் வீறுமிக்க நான்கு வரிகளையும் அரை மணி நேரத்தில் ஆயத்தம் செய்துவிட்டனர்.

அதனை அனுப்ப வேண்டாம் என்றேன். படம் எந்தக் குழியில், எந்த ஆண்டில், யாரால் எடுக்கப்பட்டது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அதுவும் எங்கிருந்தோ வந்ததுதான்! அடுத்த வாரம் அவர்கள் கொந்தகையிலுள்ள அருங்காட்சியகத்திற்குச் சென்றனர். 2023 மார்ச் 5ஆம் நாள் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில் உறைகிணறு, தக்களி, தாயக்கட்டை, எழுத்துப் பொறித்த பானை ஓடு ஆகியவற்றைப் பார்த்துக் குறிப்பெடுத்தனர். பின்னர்த் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையை அமர்ந்து படித்தனர். அதில் கண்ட செய்தி இது: இந்தியத் தொல்லியல் துறை 2015இல் தொடங்கிய அகழாய்வைப் பின்னர் மாநிலத் துறை தொடர்ந்தது. அதன் 2018ஆம் ஆண்டு அகழாய்வில் கிடைத்த கரித்துண்டுகள் ஆறு, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள பீட்டா அனலிட்டிக் என்னும் ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒன்றின் காலம் கிறித்துவுக்கு முன் 580 என்று கணிக்கப்பட்டது.

அப்போது ஒரு மாணவர் என்னிடம் கேட்டது நல்ல கேள்வி. "ஐயா, பத்தாயிரம் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நாம் இரண்டாயிரத்து அறுநூறு என்று எழுதினால் நம் பெருமையை நாமே குறைப்பது ஆகாதா?" என்றார். அவரிடம் நான் இவ்வாறு சொன்னேன்: "அந்தப் பிள்ளைகள் நாளை தம் பள்ளியிலே, வேற்று மொழி பேசும் ஆசிரியர் முன்னால் எழுந்து இதனைச் சொல்வார்கள். அவர் சான்று கேட்பார். பத்தாயிரத்திற்குச் சான்று இல்லை. பிள்ளை தலைகுனிந்து அமரும். அதன்பின் தமிழைப் பற்றி எவர் எதைச் சொன்னாலும் அப்பிள்ளை நம்பாது. அறுநூற்றுக்குச் சான்று உண்டு, ஆழம் உண்டு, ஆய்வகத்தின் பெயர் உண்டு." மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுத் தம் நான்கு வரிகளை அடித்துவிட்டார்.

அவர்கள் இறுதியில் அனுப்பிய விடை இரண்டு பக்கம். கரித்துண்டின் காலம் அந்த மண்ணடுக்கின் காலத்தைக் காட்டுவது எவ்வாறு என்பதையும், அதே அடுக்கைக் கொண்டு எழுத்தின் காலத்தைத் துணிவதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் எழுதியிருந்தனர். பானை ஓட்டிலே 'ஆதன்' என்ற பெயர் பொறிக்கப்பட்டிருப்பதையும் குறிப்பிட்டனர். தாங்களே எடுத்த படங்களில், பொருளின் அருகே அளவு விளங்குமாறு ஓர் அடிக்கோலை வைக்க இயலாத இடங்களில், காட்சிப் பலகையிலுள்ள அளவை எழுதிச் சேர்த்தனர். அம்மையாரிடமிருந்து வந்த மறுமொழியில் ஒரு வியப்பு இருந்தது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது பழமைக் கணக்கு அன்றாம். ஆதன் தன் பெயரைத் தன் பானையில் எழுதி வைத்தானே, அதுதானாம். மறுவாரம் அவர்களும் தத்தம் பெயரைப் பழைய தமிழி எழுத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்பியிருந்தனர்.

இத்தகைய தொடர்பில் ஈடுபட விரும்பும் மாணவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். நேரலையாகப் பேச விரும்பினால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மதுரையில் சனிக்கிழமை மாலை ஆறரை மணி என்றால், குளிர்காலத்தில் இலண்டனில் பகல் ஒரு மணி, டொராண்டோவில் காலை எட்டு மணி, சிங்கப்பூரில் இரவு ஒன்பது, சிட்னியிலோ நள்ளிரவு. சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பர் என்பதையும் மறக்கலாகாது. ஆதலால், எல்லாரையும் ஒரே நேரத்தில் கூட்ட முயல்வதைவிட, பத்து நிமிட ஒளிப்பதிவு ஒன்றை யூடியூபில் இட்டு, வினாக்களை எழுத்தில் பெறுவது பல வேளைகளில் மேலானது. சிறுவர்களின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோர் இசைவின்றி எங்கும் ஏற்றாதீர்கள். பிறர் படத்தை எடுத்தாண்டால் பெயரைக் குறியுங்கள். தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். வேற்றெழுத்தில் எழுதிய தமிழை, அதனைக் கற்கத் தொடங்கியிருக்கும் பிள்ளை படிக்கத் திணறும்.

அறிவியல் மாணவர்களுக்கும் இதில் இடமுண்டு. 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. நம் பக்கத்துக் கண்மாய்களில் எண்ணப்படும் நாரையும் நத்தைகுத்தியும், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் கூடம் நடத்தும் 'இ-பேர்ட்' தளத்தில் சேர்கின்றன. மேலூருக்கு அருகே, 2022இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் குன்றுகளில் ஒரு மாணவி காணும் வல்லூறு, வேறொரு கண்டத்து ஆராய்ச்சியாளரின் கணக்கிலே ஓர் எண்ணாகிறது. ஐயத்துக்கிடமான பதிவானால், அதனைச் சரிபார்ப்பவர் ஆதாரம் கேட்டு எழுதுவார். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே ஒரு பாடமாகிறது.

இனி, உங்களுள் பலருடைய உள்ளத்தில் இருக்கும் வேறொரு செய்திக்கு வருகிறேன். வெளிநாடு சென்று படிக்க விரும்புவோர் இன்று முதலில் நாடுவது சமூக வலைத்தளத்தைத்தான். அங்கே பல்கலைக்கழகங்களின் பக்கங்கள் இருக்கின்றன; முகவர்களின் விளம்பரங்களும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு அண்மையில், ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. அழகிய இணையத்தளம் இருந்தது, முகநூல் பக்கம் இருந்தது, இலச்சினையும் இருந்தது. ஆனால், ஆசிரியர் ஒருவரும் இலர். வகுப்பு ஒன்றும் நடக்கவில்லை. அது அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையினரே, விசா முறைகேடு செய்வோரைப் பிடிப்பதற்காக மறைவாக நடத்திய பொய்ப் பல்கலைக்கழகம்! 2019 சனவரி இறுதியில் திரை விலகியது. ஆள்சேர்த்த எண்மர் மீது வழக்குத் தொடரப்பட்டது. தொடக்கத்தில் தடுத்துவைக்கப்பட்ட மாணவர் 130 பேரில் 129 பேர் இந்தியர். மாணவர்கள் அறிந்தே சேர்ந்தனர் என்றது அரசுத் தரப்பு. ஏமாற்றப்பட்டோம் என்றனர் மாணவர்களும் அவர்களுடைய வழக்கறிஞர்களும். வழக்கின் நியாயம் எதுவாயினும், பெற்றோர் கடன் வாங்கிக் கட்டிய பணம் போயிற்று, படிப்பும் போயிற்று.

இதில் அச்சுறுத்தும் கூறு யாதெனில், அந்நிறுவனத்தின் பெயர் அரசின் ஏற்புப் பட்டியலிலும் இடம்பெற்றிருந்ததே. பட்டியலை மட்டும் பார்த்தவர்க்கு அது பாதுகாப்பானதாகவே தோன்றியிருக்கும். ஆகவே, பட்டியலோடு நில்லாதீர்கள். சமூக வலைத்தளத்தின் மெய்யான பயன் இங்கேதான் இருக்கிறது. அங்கே படித்துக்கொண்டிருக்கும் மாணவர் இருவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். முகவர் காட்டும் மாணவரை விட்டுவிட்டு, நீங்களே தேடிய மாணவரை நாடுங்கள். 'இந்த வாரம் எந்தப் பாடம் நடந்தது? யார் நடத்தினார்? நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும்?' என்று கேளுங்கள். ஃபார்மிங்டனில் இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்ல ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். புறப்படுமுன் நம் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் பெயரைப் பதிந்துகொள்வதும், செல்லும் நாட்டிலுள்ள நம் தூதரகத்தின் பக்கத்தைப் பின்தொடர்வதும் செலவில்லாத காரியங்கள்.

தூதரகப் பக்கத்தை எதற்காகப் பின்தொடர வேண்டும் என்று கேட்கலாம். 2022 பிப்ரவரி 24ஆம் நாள் உக்ரைனில் போர் மூண்டபோது அங்கே ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள், பெரும்பாலும் மருத்துவம் பயில்வோர், இருந்தனர். தமிழ்நாட்டு மாணவரும் பலர். மார்ச் 2ஆம் நாள், கார்கிவ் நகரிலிருந்த நம்மவர்க்கு இந்தியத் தூதரகம் டிவிட்டர் வழியே அறிவிப்பு விடுத்தது. உடனே நகரை விட்டு வெளியேறுக. பெசோச்சின், பபாயே, பெஸ்லியுதோவ்கா ஆகிய ஊர்களுக்குச் செல்க. வண்டி கிடைக்காவிடின் நடந்தே செல்க. ஊர்களின் தொலைவு முறையே 11, 12, 16 கிலோமீட்டர். உக்ரைன் நேரப்படி மாலை ஆறு மணிக்குள் சேர்ந்துவிடுக. இதுதான் அதன் சாரம். ஊர்ப்பெயர், தொலைவு, நேரம், எந்த நாட்டு நேரம், சொல்பவர் யார் என்ற ஐந்தும் அதில் இருந்தன. ஒரு சொல் மிகையில்லை. மாணவர்கள் தம் குழுக்களில் அதனை ஒருவருக்கொருவர் அனுப்பியவாறே நடந்தனர்.

சுமி நகரிலே சிக்கிய ஏறத்தாழ 700 மாணவர்களின் நிலையோ இன்னும் கொடியது. குடிநீரின்றிப் பனியை அள்ளி உருக்கிய அவர்கள், மார்ச் 5ஆம் நாள் ஒளிப்பதிவு ஒன்றை வலைத்தளத்தில் இட்டனர். உயிருக்குத் துணிந்து எல்லை நோக்கி நடக்கப் போவதாக அதில் அறிவித்தனர். உலகம் முழுதும் அதனைக் கண்டது. பொறுத்திருக்குமாறு அரசு கேட்டுக்கொண்டது. மார்ச் 8ஆம் நாள் பேருந்துகளில் அவர்கள் பொல்தாவா நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டு மீட்கப்பெற்றனர். அதே நாட்களில், வேறு போர்களின் பழைய படங்களை இப்போரின் படங்களென்று பரப்பியவர்களும் இருந்தனர் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. மகனின் குரலுக்காக இரவெல்லாம் விழித்திருந்த தாய்க்கு அப்படங்கள் செய்த கொடுமையை எண்ணிப் பாருங்கள்.

மீண்டும் நூல்களுக்கு வருகிறேன். 'நாங்கள் மாணவர்கள், எங்களால் ஆவது என்ன?' என்று கேட்போருக்கு ஒரு வேலை சொல்ல வேண்டுமல்லவா? 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர்பெற்றிருக்கும் நிறுவனமும் தமிழ் விக்கிமீடியரும் இணைந்து, நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை விக்கிமூலம் என்னும் தளத்தில் ஏற்றியிருக்கின்றனர். பக்கங்களின் படங்களை இயந்திரமே படித்து எழுத்தாக்கித் தருகிறது. ஆனால், இயந்திரத்துக்கு ஒரு தடுமாற்றம். காலும் ரகரமும் அதற்கு ஒன்றாகத் தெரிகின்றன. பழைய அச்சில், னை, லை போன்ற எழுத்துகள் யானையின் தும்பிக்கைபோல் வளைந்த கொம்போடு இருக்கும். ணா, றா, னா ஆகியவையும் வேறு வடிவில் இருக்கும். 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பின்னரே இன்றைய வடிவம் பாடநூலில் வந்தது. பழைய வடிவத்தைக் கண்டதும் இயந்திரம் விழிக்கிறது. உண்மையைச் சொன்னால், உங்களுள் பலரும் விழிப்பீர்கள். வீட்டிலுள்ள தாத்தாவோ பாட்டியோ தயங்காமல் படித்துவிடுவார்கள். ஒரு மாலைப்பொழுது அவர்கள் படிக்க, நீங்கள் திருத்தலாம். கைப்பேசியிலேயே செய்யக்கூடிய வேலைதான்.

அத்தளத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறம் உண்டு. திருத்தப்படாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்துவிட்டால் மஞ்சள். அவரே அதனைப் பச்சையாக்க முடியாது. மற்றொருவர் வந்து மீண்டும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையொப்பமிட்டாலன்றிப் பச்சை கிட்டாது. முதலாமவர் திருமங்கலத்தில் இருக்கலாம்; இரண்டாமவர் கோலாலம்பூரிலோ பாரிசிலோ இருக்கலாம். இருவரும் ஒருவரையொருவர் என்றும் காணாமலே போகலாம். மஞ்சளாகி இரண்டாவது கண்ணுக்குக் காத்திருக்கும் பக்கங்கள் அங்கே ஏராளம். சிவப்பாகவே நிற்பவை அவற்றினும் பல.